23,499 ரூபாய் லேப்டாப் 190 ரூபாய்க்கு! ஆன்லைனில் தவறாகப் போட்ட விலைக்கே பொருளைக் கொடுத்தாக வேண்டுமா?

ஆன்லைன் தளத்தில் 23,499 ரூபாய் லேப்டாப் ஒன்று வெறும் 190 ரூபாய் என்று காட்டுகிறது. ஒரு மாணவர் உடனே ஆர்டர் போடுகிறார். ஆர்டர் உறுதியானதாகத் தகவலும் வந்துவிடுகிறது. சுமார் இரண்டு மணி நேரம் கழித்து வாடிக்கையாளர் சேவை மையத்தில் இருந்து போன் வருகிறது. விலையில் ஏதோ பிரச்னை, ஆர்டரை கேன்சல் செய்துவிட்டோம் என்கிறார்கள்.

இது கற்பனை இல்லை. 2014-ல் ஒடிசாவைச் சேர்ந்த சட்ட மாணவர் ஒருவருக்கு அமேசான் தளத்தில் நடந்தது. அவர் விடவில்லை. நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். ஆறு ஆண்டுகளுக்கும் மேல் இழுத்த அந்த வழக்கில், 2021 ஜனவரியில் ஒடிசா மாநில நுகர்வோர் ஆணையம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

வாங்குபவர் பக்கம் இருந்து பார்த்தால், "விலை போட்டது நீங்கதானே, கொடுத்துத்தான் ஆகணும்" என்று தோன்றும். விற்பவர் பக்கம் இருந்து பார்த்தால், "ஒரு பூஜ்யம் விட்டுப்போனதுக்கு முதலே போகணுமா?" என்று தோன்றும்.

திருப்பூர் பனியன், கரூர் பெட்ஷீட், கோவை வெட் கிரைண்டர், ஈரோடு மஞ்சள் தூள், பவானி ஜமக்காளம் என கொங்கு மண்டலத்தின் பல சரக்குகள் இன்று ஆன்லைனில் விற்கின்றன. இங்கே செல்போனில் ஆஃபர் தேடுபவர்களும் உண்டு, இரவு உட்கார்ந்து தளத்தில் விலை ஏற்றுபவர்களும் உண்டு. அதனால் இந்தக் கேள்வி இரண்டு பக்கமும் உறைக்கும். சட்டம் என்ன சொல்கிறது, நியாயம் எது என்று விரிவாகப் பார்க்கலாம்.

190 ரூபாய் வழக்கில் ஆணையம் என்ன சொன்னது?

தாங்கள் வெறும் சந்தைத் தளம் மட்டுமே, பொருளை விற்பவர் வேறொருவர் என்பது அமேசான் தரப்பு வாதங்களில் ஒன்று. ஆணையம் அதை ஏற்கவில்லை. விளம்பரத்தில் ஒரு விலையைச் சொல்லி, அதைப் பார்த்து வாடிக்கையாளர் ஆர்டர் போட்டு, அந்த ஆர்டரும் உறுதி செய்யப்பட்டுவிட்டால், இரு தரப்புக்கும் இடையே ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்பதே ஆணையத்தின் பார்வை.

முன்னதாக மாவட்ட மன்றம் மன உளைச்சலுக்கு 10,000 ரூபாயும் வழக்குச் செலவுக்கு 2,000 ரூபாயும் கொடுக்கச் சொல்லியிருந்தது. மாநில ஆணையம் அதை உயர்த்தியது. மன உளைச்சலுக்கு 30,000, தண்டனை இழப்பீடாக 10,000, வழக்குச் செலவு 5,000 என மொத்தம் 45,000 ரூபாய்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மாணவருக்குக் கிடைத்தது பண இழப்பீடு. 190 ரூபாய்க்கு லேப்டாப் இல்லை. கொடுத்த வாக்கை மீறியதற்கும், ஒருவரை அலைக்கழித்ததற்கும் விலை உண்டு என்றது ஆணையம். 'தவறாகப் போட்ட விலைக்கே பொருளைக் கொடுத்தாக வேண்டும்' என்பது வேறு, 'கேன்சல் செய்தால் பொறுப்பேற்க வேண்டும்' என்பது வேறு. இந்த விவகாரத்தில் பெரும்பாலான சண்டைகள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதில்தான் தொடங்குகின்றன.

விலை எப்படித் தவறாகிறது?

கடையில் விலைச்சீட்டு ஒட்டுபவர் தவறு செய்தால் அதிகபட்சம் நாலு பேர் பார்ப்பார்கள். ஆன்லைனில் அதே தவறு சில நிமிடங்களில் ஆயிரக்கணக்கான போன்களுக்குப் போய்விடும். பொதுவாக நடக்கும் தவறுகள் இவை:

• ஒரு பூஜ்யம் விட்டுப்போவது, புள்ளி இடம் மாறுவது.

• நூற்றுக்கணக்கான பொருட்களின் விலையை எக்செல் ஷீட்டில் போட்டு மொத்தமாக ஏற்றும்போது ஒரு வரி மேலே கீழே நகர்ந்துவிடுவது.

• ஐந்து பீஸ் கொண்ட பேக்குக்கு ஒரு பீஸ் விலையைப் போடுவது.

• இரண்டு மூன்று கூப்பன்கள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ந்து கழிவது.

• போட்டியாளரின் விலையைப் பார்த்துத் தானாக விலையை மாற்றும் மென்பொருள் கோளாறாவது.

கடைசியில் சொன்னது 2014 டிசம்பரில் பிரிட்டனில் பெரிய அளவில் நடந்தது. ரீபிரைசர் எக்ஸ்பிரஸ் என்ற மென்பொருளில் ஏற்பட்ட கோளாறால், அமேசான் பிரிட்டன் தளத்தில் பல சிறு வியாபாரிகளின் பொருட்கள் ஒரு வெள்ளிக்கிழமை மாலை சுமார் ஒரு மணி நேரத்துக்கு ஒரு பென்னிக்கு விற்றன. ஒரு பென்னி என்றால் அன்றைய மதிப்பில் சுமார் ஒரு ரூபாய். பல ஆர்டர்கள் கேன்சல் ஆயின. ஆனால் அமேசான் கிடங்கிலேயே சரக்கை வைத்திருந்த வியாபாரிகள் சிலருக்கு, அவர்கள் சுதாரிப்பதற்குள் பொருள் அனுப்பப்பட்டுவிட்டது. கிறிஸ்துமஸ் சீசன் சரக்கை அப்படி இழந்தவர்களில் குடும்பத் தொழில் நடத்துபவர்களும் இருந்தார்கள்.

நஷ்டம் யார் தலையில் விழும்?

"பெரிய கம்பெனிதானே, அவனுக்கு என்ன நஷ்டம்?" என்பது பலரும் சொல்லும் சமாதானம். இந்தியாவில் இது பாதி நேரம் உண்மை இல்லை.

நம் நாட்டின் அந்நிய முதலீட்டு விதிகளின்படி, வெளிநாட்டு முதலீடு பெற்ற மார்க்கெட்பிளேஸ் தளங்கள் தாங்களே சரக்கை வைத்து நேரடியாக நுகர்வோருக்கு விற்க முடியாது. தளம் அவர்களுடையது, சரக்கும் விலையும் விற்பனையாளருடையது. அதாவது, பெரிய தளத்தின் பெயரைப் பார்த்து நாம் வாங்கும் டி-ஷர்ட்டுக்குப் பின்னால் இருப்பவர் திருப்பூரில் நாலு பவர் டேபிள் மெஷினோடு தொழில் நடத்துபவராக இருக்கலாம்.

ஒரு உதாரணக் கணக்கு. 499 ரூபாய் டி-ஷர்ட்டை ஒருவர் தவறுதலாக 49 ரூபாய் என்று போட்டுவிடுகிறார். விடிவதற்குள் 300 ஆர்டர். எல்லாவற்றையும் அனுப்பினால் விற்பனை வரவில் 1,35,000 ரூபாய் குறையும். தளத்தின் கமிஷன், கூரியர் செலவு தனி. சிறிய யூனிட்டுக்கு அது கட்டிங் மாஸ்டர், டெய்லர்களின் வாரச் சம்பளப் பணம்.

சரி, கேன்சல் செய்யலாமே என்றால் அதிலும் சிக்கல். விற்பனையாளர் எத்தனை ஆர்டரை அவராகவே கேன்சல் செய்கிறார் என்பதைத் தளங்கள் கணக்கு வைக்கின்றன. அனுப்பும் முன் கேன்சல் செய்யும் விகிதம் 2.5 சதவீதத்துக்குக் கீழ் இருக்க வேண்டும் என்பது அமேசான் விற்பனையாளர்களுக்கு வைத்திருக்கும் அளவுகோல். ஒரே நாளில் 300 ஆர்டரைத் தள்ளினால் கணக்கே முடங்கும் ஆபத்து உண்டு. அனுப்பினாலும் அடி, நிறுத்தினாலும் அடி.

ஒப்பந்தச் சட்டம் என்ன சொல்கிறது?

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் தரகர்கள் விலை பேசுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். துண்டுக்கு அடியில் ஒருவர் விரலை இன்னொருவர் பிடித்துத்தான் விலை சொல்வார்கள். வாயில் வார்த்தை வராது. ஆனால் கை எடுக்கும்போது இரண்டு பேர் மனதிலும் ஒரே தொகை இருக்கும். வியாபாரம் முடிந்தது என்பதற்கு அதுதான் அர்த்தம்.

1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 13-வது பிரிவும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. இரண்டு பேர் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஒப்புக்கொண்டால்தான் அது சம்மதம். இரு தரப்புமே முக்கியமான ஒரு உண்மையைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் ஒப்பந்தம் செல்லாது என்கிறது 20-வது பிரிவு.

ஆனால் 22-வது பிரிவு விற்பவருக்குக் கொஞ்சம் கடினமானது. ஒரு தரப்பு மட்டும் தவறாகப் புரிந்துகொண்டது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது என்கிறது அது. எனவே, "டைப்பிங் மிஸ்டேக்குங்க, மன்னிச்சுக்கோங்க" என்று சொல்வது மட்டுமே சட்டப்படி போதுமான பதில் ஆகாது. வாங்கியவருக்கும் அது தவறு என்று தெரிந்திருந்தால், 'ஒரே அர்த்தத்தில் சம்மதம் இல்லை' என்று வாதிட இடம் கிடைக்கும்.

அதனால்தான் பல தளங்கள் தங்கள் விதிமுறைகளில் முன்னெச்சரிக்கையாக ஒரு வரி சேர்த்திருக்கின்றன. நீங்கள் போடும் ஆர்டர் ஒரு கோரிக்கை மட்டுமே, பொருளை அனுப்பும்போதுதான் ஒப்பந்தம் ஆகிறது என்பார்கள். கடை ஷெல்ஃபில் வைத்த விலைச்சீட்டு வாங்க வரும்படி விடுக்கும் அழைப்பு மட்டுமே, அதுவே வாக்குறுதி ஆகாது என்று 1953-ல் பிரிட்டனின் பூட்ஸ் மருந்துக்கடை வழக்கில் வந்த தீர்ப்பு இதற்கு அடிப்படை. ஆனால் பணத்தையும் வாங்கிக்கொண்டு, 'உறுதி செய்யப்பட்டது' என்று தகவலும் அனுப்பிவிட்டு, பிறகு 'அது வெறும் அழைப்புதான்' என்றால் சாதாரண மனிதருக்கு எப்படி இருக்கும்? ஒடிசா ஆணையம் நின்றது அந்த இடத்தில்தான்.

சிங்கப்பூரில் 66 டாலர் பிரின்டர்

இதே கேள்விக்கு நேர் எதிரான பதில் வந்த வழக்கு ஒன்று சிங்கப்பூரில் நடந்தது. டிஜிலேண்ட்மால் என்ற ஆன்லைன் கடையில் 3,854 சிங்கப்பூர் டாலர் மதிப்புள்ள ஹெச்.பி. லேசர் பிரின்டர் 66 டாலர் என்று விலை மாறிக் கிடந்தது. ஊழியர் பயிற்சிக்காகப் போட்டுப் பார்த்த விலை, உண்மையான தளத்திலும் ஏறிவிட்டது.

2003 ஜனவரி 13 அதிகாலை. நண்பர்கள் ஆறு பேருக்கு இந்த விஷயம் தெரிகிறது. அவர்களில் சட்டம் படித்தவர்களும் இருந்தார்கள். நடு இரவில் இணையத்தில் சாட் செய்துகொண்டே ஆர்டர் போடுகிறார்கள். ஒன்று இரண்டு இல்லை, ஆறு பேரும் சேர்ந்து 1,606 பிரின்டர்கள். காலையில் கடை விழித்துக்கொள்வதற்குள் மொத்தம் 784 பேர் 4,086 பிரின்டர்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார்கள். உறுதிப்படுத்தும் மின்னஞ்சலும் தானாகவே அவர்களுக்குப் போயிருந்தது.

கடை கொடுக்க மறுத்தது. ஆறு பேரும் வழக்குப் போட்டார்கள். 2004-ல் நீதிபதி வி.கே.ராஜா அவர்களுடைய கோரிக்கையை நிராகரித்தார். 2005-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அது தவறான விலை என்று வாங்கியவர்களுக்குத் தெரிந்தே இருந்தது என்பதுதான் காரணம். அவர்களுடைய சாட் பதிவுகளும், அந்த பிரின்டரின் சந்தை விலையை இணையத்தில் தேடிப் பார்த்ததும் அவர்களுக்கே எதிரான சாட்சியாக மாறின.

இதற்கும் முந்தைய வழக்கு ஒன்று 1939-ல் லண்டனில் நடந்தது. முயல் தோல் விற்ற வியாபாரி 'ஒரு பீஸுக்கு' என்று போட வேண்டிய விலையை 'ஒரு பவுண்டு எடைக்கு' என்று எழுதிவிட்டார். ஒரு பவுண்டுக்குச் சுமார் மூன்று தோல் நிற்கும் என்பதால் விலை மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. அதுவரை பேசியதெல்லாம் பீஸ் கணக்கில்தான், அந்தத் தொழிலில் இருப்பவருக்கு இது தவறு என்று தெரியாமல் இருக்காது, தெரிந்தே பிடித்துக்கொள்ளப் பார்த்திருக்கிறார் என்றது நீதிமன்றம். வாங்கியவர் தோற்றார். பேக் விலைக்குப் பதில் பீஸ் விலை போட்டுவிட்டுத் தவிக்கும் இன்றைய விற்பனையாளரின் கதைதான் அதுவும்.

'மாத்தறதுக்குள்ள போடு' என்ற மெசேஜ்

இந்த வழக்குகளில் இருந்து ஒரு எளிய அளவுகோல் கிடைக்கிறது. எத்தனை சதவீதம் தள்ளுபடி என்பது இரண்டாம் பட்சம். ஆர்டர் போடும்போது வாங்குபவர் மனதில் என்ன இருந்தது என்பதுதான் முதல் கேள்வி.

நண்பர்கள் குரூப்பில் ஒரு லிங்க் வருகிறது. கூடவே ஒரு வரி: "மாப்ள, சீக்கிரம் ஆர்டர் போடு, மாத்தறதுக்குள்ள!" இந்த ஒரு வரியிலேயே எல்லாம் இருக்கிறது. ஆஃபர் என்று நம்பியவர் 'ஸ்டாக் முடியறதுக்குள்ள போடு' என்பார். தவறு என்று தெரிந்தவர்தான் 'மாத்தறதுக்குள்ள போடு' என்பார்.

எண்ணிக்கையும் பேசும். வீட்டுக்கு ஒரு கிரைண்டர் தேவைப்பட்டு, நல்ல விலை என்று ஒன்று வாங்கியவர் வேறு. அதே விலையில் இருபது கிரைண்டர் போட்டு, பிறகு விற்றுக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டவர் வேறு. முதலாமவரின் ஏமாற்றம் நியாயமானது. இரண்டாமவர் இழந்தது, எப்போதும் அவருக்குச் சொந்தமாக இல்லாத ஒரு லாபத்தை.

பூஜ்யம் இந்தப் பக்கம் கூடினால்?

நியாயத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி, தவறைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பது.

கோவை கிராஸ்கட் ரோட்டில் ஒருவர் 500 ரூபாய்க்குத் துணி எடுக்கிறார். அவசரத்தில் யு.பி.ஐ-யில் ஒரு பூஜ்யம் கூடிவிடுகிறது, 5,000 ரூபாய் போய்விடுகிறது. கடைக்காரர் அந்த 4,500 ரூபாயை வைத்துக்கொண்டு, "அனுப்பினது நீங்கதானுங்க, பட்டனை அழுத்தினதும் நீங்கதானுங்க" என்றால் யாராவது ஒப்புக்கொள்வார்களா? ஊரே கூடிவிடும். தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 72-வது பிரிவே சொல்கிறது.

நம் விரல் தவறினால் பணம் திரும்ப வர வேண்டும், அவர் விரல் தவறினால் சரக்கு நமக்கு வர வேண்டும் என்பது நியாயம் ஆகாது.

ஆனால் கம்பெனிகள் அப்பாவிகளா?

இங்கே மறுபக்கமும் இருக்கிறது. 'இவ்வளவு குறைந்த விலையை யார் நம்புவார்கள்?' என்று இன்று கேட்கும் ஆன்லைன் வணிகம்தான், நம்ப முடியாத விலைகளை நம்பும்படி மக்களைப் பழக்கியது.

ஷாவ்மி நிறுவனம் இந்தியாவில் ஒரு ரூபாய் ஃபிளாஷ் சேல் நடத்தியிருக்கிறது. 251 ரூபாய்க்கு ஸ்மார்ட்போன் என்று 2016-ல் ஒரு நிறுவனம் அறிவிக்க, நாடே முன்பதிவுக்கு முட்டி மோதியது. தமிழ்நாட்டில் கடை திறப்பு விழாவில் பழைய 5 பைசா, 10 பைசா நாணயம் கொண்டு வந்தால் பிரியாணி என்பதெல்லாம் நாம் பார்த்ததுதான். ஆடித் தள்ளுபடி, தீபாவளி சேல், நள்ளிரவு 12 மணி டீல் என்று வருடம் முழுக்க இதே கதை. அப்படிப்பட்ட சந்தையில் 190 ரூபாய் லேப்டாப்பை ஒரு மாணவர் ஆஃபர் என்று நினைத்தால், அவரைப் பேராசைக்காரர் என்று சொல்லிவிட முடியாது.

2014 அக்டோபர் 6-ம் தேதி ஃபிளிப்கார்ட் நடத்திய முதல் பிக் பில்லியன் டே நினைவிருக்கலாம். தளம் திணறியது, விலைகள் மாறின, ஆர்டர்கள் கேன்சல் ஆயின. மறுநாளே நிறுவனர்கள் சச்சின் பன்சாலும் பின்னி பன்சாலும் வாடிக்கையாளர்களுக்கு மன்னிப்புக் கடிதம் அனுப்பினார்கள்.

கூட்டத்தை இழுக்க வேண்டுமென்றே குறைந்த விலையைக் காட்டி, பிறகு 'ஸ்டாக் இல்லை', 'விலை தவறு' என்று கைவிரிப்பது தவறு இல்லை, தந்திரம். விற்கும் எண்ணமே இல்லாத பேர விலையை விளம்பரம் செய்வது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. இப்படிப்பட்ட தூண்டில் விளம்பரங்களுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வழிகாட்டு விதிகளையும் கொண்டுவந்தது.

இரண்டுக்கும் வித்தியாசம் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே கடையில் 'விலைத் தவறு' திரும்பத் திரும்ப நடந்தாலோ, கேன்சல் செய்த கையோடு அதே பொருளை அதிக விலைக்குத் தள்ளப் பார்த்தாலோ, அதைத் தவறு என்று நம்பக் காரணம் இல்லை.

தவறான விலைக்கே கொடுத்தவர்கள் உண்டா?

உண்டு. 2010 மே 21 அன்று அமெரிக்காவின் சிக்ஸ்பிஎம் தளத்தில் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை எந்தப் பொருளும் 49.95 டாலருக்கு மேல் போகாதபடி மென்பொருள் தவறு செய்தது. நிறுவனத்துக்கு 16 லட்சம் டாலருக்கு மேல் இழப்பு. ஆனாலும் வந்த ஆர்டர்களை அதே விலைக்கே கொடுத்தது.

2019 புத்தாண்டு சமயத்தில் கேத்தே பசிபிக் விமான நிறுவனம், 16,000 டாலர் வரை போகும் வியட்நாம்–நியூயார்க் உயர் வகுப்பு டிக்கெட்டுகளைத் தவறுதலாகச் சுமார் 675 டாலரில் இருந்து விற்றுவிட்டது. வாங்கியவர்களை அதே டிக்கெட்டில் ஏற்றிக்கொள்வதாக அறிவித்தது.

இதைப் பெருந்தன்மை என்று பாராட்டலாம். விளம்பரம் என்றும் சொல்லலாம், ஏனென்றால் இழந்ததற்கு ஈடாக உலகம் முழுக்க நல்ல பெயர் கிடைத்தது. ஆனால் பெரிய நிறுவனம் செய்ததைத் திருப்பூர் விற்பனையாளரும் செய்தே ஆக வேண்டும் என்று கேட்க முடியாது. தாங்கும் சக்தி இருப்பவர் தாராளமாக இருப்பது நல்லது. அது எல்லோருக்கும் கடமை ஆகாது.

நடுவழி ஒன்றும் உண்டு. தவறான கட்டணத்தில் விற்ற டிக்கெட்டை விமான நிறுவனங்கள் ரத்து செய்யலாம், ஆனால் அந்த டிக்கெட்டை நம்பிப் பயணி செய்த நியாயமான செலவுகளை ஈடுகட்ட வேண்டும் என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2015-ல் எடுத்த நிலைப்பாடு. கட்டணத்தைத் திருப்பித் தந்தால் மட்டும் போதாது. நம்பி முன்பதிவு செய்த ஹோட்டல் பணம் போயிருந்தால் அதுவும் நிறுவனத்தின் பொறுப்பு. தவறு செய்தவரை அழிக்காமல், நம்பியவரையும் கைவிடாமல் போகும் வழி இது.

கேன்சல் செய்வதிலும் நியாயம் உண்டு

பொருளைக் கொடுக்க வேண்டிய கடமை இல்லாத இடத்திலும், நடந்துகொள்ள வேண்டிய முறை என்று ஒன்று இருக்கிறது. விற்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

• உடனே சொல்ல வேண்டும். தவறு தெரிந்த அன்றே சொன்னால் வாங்கியவர் வேறு இடத்தில் வாங்கிக்கொள்வார். பத்து நாள் 'டெலிவரி வந்துகொண்டிருக்கிறது' என்று காட்டிவிட்டு கேன்சல் செய்தால், சேல் முடிந்து நல்ல விலைக்கு வாங்கும் வாய்ப்பும் அவருக்குப் போயிருக்கும்.

• உண்மையைச் சொல்ல வேண்டும். விலை தவறு என்றால் விலை தவறு என்றே சொல்லலாம். 'வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டதால் கேன்சல்' என்று காரணம் மாற்றிப் போடுவது பொய்.

• எல்லோருக்கும் ஒரே நீதி வேண்டும். சமூக ஊடகத்தில் சத்தம் போடுபவருக்கு மட்டும் பொருளை அனுப்பிவிட்டு, சத்தம் போடாத 299 பேரை கேன்சல் செய்வது நியாயமே இல்லை.

• பணம் முழுசாகத் திரும்ப வேண்டும். மறுபடியும் வாங்கினால்தான் செல்லும் கூப்பன் இழப்பீடு ஆகாது, அது இன்னொரு விற்பனை.

• கைக்குப் போன பொருளைத் துரத்தக் கூடாது. ஆஃபர் என்று நம்பி ஒன்று வாங்கி, வீட்டுக்கும் வந்துவிட்ட பொருளைத் திருப்பிக் கேட்டு மிரட்டுவதைவிட, அந்த நஷ்டத்தைப் பாடமாக ஏற்பதே கௌரவம்.

முன்கூட்டியே தடுக்கவும் வழி இருக்கிறது. குறைந்தபட்ச விலை வரம்பை அமைத்து வைப்பது, ஒருவர் வாங்கும் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு போடுவது, மொத்தமாக விலை ஏற்றியதும் வாடிக்கையாளர் போலத் தளத்தைத் திறந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் படுப்பது ஆகியவை பைசா செலவில்லாத காப்பீடு.

உங்கள் ஆர்டர் கேன்சல் ஆனால் என்ன செய்யலாம்?

முதலில், ஆர்டர் போட்ட உடனேயே விலை தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஆர்டர் எண், உறுதி செய்த மெசேஜ், பணம் போன விவரம் மூன்றும் முக்கியம்.

அடுத்து, தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்து மூலம் புகார் அனுப்புங்கள். 2020-ம் ஆண்டு மின் வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அதே விதிகளில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. நிறுவனம் தானாக கேன்சல் செய்யும்போது அபராதம் ஏற்காவிட்டால், நீங்கள் கேன்சல் செய்யும்போதும் உங்களிடம் கட்டணம் வாங்க முடியாது.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி பெங்களூருவிலோ டெல்லியிலோ இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பது 2019 சட்டம் கொடுத்த வசதி. கோவையில் இருப்பவர் கோவை ஆணையத்துக்கே போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லை. பிரச்னை நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

ஆனால் வழக்குக்குப் போகும் முன் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள ஒரு கேள்வி உண்டு. ஆஃபர் என்று நம்பி வாங்கினீர்களா, தவறு என்று தெரிந்து வாங்கினீர்களா? நம்பி வாங்கியிருந்தால் தயங்க வேண்டாம், 190 ரூபாய் ஆர்டருக்கு 45,000 ரூபாய் இழப்பீடு கிடைத்த தீர்ப்பு இருக்கிறது. தெரிந்தே வாங்கியிருந்தால், 1,606 பிரின்டர் கேட்டுப் போனவர்களுக்கு வந்த தீர்ப்பும் இருக்கிறது.